திருச்சியிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்?

எங்கள் கே.கே. நகர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு, வற்றல் காயும் நாட்களில் காக்கை விரட்டும் பொறுப்பை வீட்டில் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த உத்தியோகத்தில் இருந்தபடியே எந்த விமானம் எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். கொழும்பு விமானத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வாலில் மயில் இருக்கும்.

அந்த மயில் வால் விமானத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைவிட, அது கடக்கும் தூரத்தைப் பற்றி.

திருச்சி விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 417 கிலோமீட்டர். கால அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். உண்மையில் காற்றில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை இங்கே எடுத்த நேரத்திலிருந்து அங்கே மறுபடி வைக்கும் நேரம் வரை கணக்கிடுவது விமானக்காரர்களின் வழக்கம். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் சேரும். இவ்வளவு குறுகிய பயணத்தில் விமானம் மேலே ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1996 முதல் 2006 வரை இலங்கையின் கடிகாரம் நம்முடையதைவிட முந்தி ஓடியது. முதலில் சில மாதங்கள் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம். அந்த அரை மணி வித்தியாச காலத்து அட்டவணையை மட்டும் பார்த்தால் போவதற்கு ஒன்றரை மணி, வருவதற்கு அரை மணி என்று தோன்றும். எங்கள் பார்சல் ஆபீஸ் நண்பர் ஒருவர், "வரும்போது காற்று பின்னாலேருந்து தள்ளுது சார்" என்று முழு நம்பிக்கையோடு விளக்கம் சொல்லுவார்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நேர்க்கோட்டில் திருச்சியிலிருந்து சென்னை 290 கிலோமீட்டர் சொச்சம். யாழ்ப்பாணத்துப் பலாலியோ சுமார் 185தான். நமக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டர் பக்கம். அந்த 185 கிலோமீட்டருக்கு நேர் விமானம் 2025 மார்ச் கடைசியில்தான் மறுபடி வந்தது. ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் போதாது என்பது என் கட்சி. யார் போகிறார், கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் பின் தெருவில் இருக்கும் ஒரு அக்கா. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் பழைய கணக்குகள்.

1830-களுக்குப் பிறகு கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பரவின. அறுவடைக்கு ஆள் வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். நம் பக்கத்து மக்கள் சிலோன் என்றுகூடச் சொல்லவில்லை. கண்டிச் சீமை என்றார்கள், அக்கரை என்றார்கள். தொண்டி, அம்மாபட்டினம் போன்ற துறைகளுக்கு நடை. அங்கிருந்து தோணியில் மன்னார்க் கரை. பிறகு காட்டு வழியாக மாத்தளை வரை 200 கிலோமீட்டருக்கு மேல் மறுபடி நடை. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. நடக்க முடியாதவர்களை வழியிலேயே விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே போனதைப் பற்றி அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். போய்ச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. காப்பி சீசன் முடிந்ததும் பலர் அதே வழியில் திரும்பி நடந்தார்கள்.

காப்பி நோயில் போய்த் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பமாகப் போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். இதற்குள் 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மன்னார் நடைப்பாதையை ஆட்களுக்கு மூடிவிட்டு, தூத்துக்குடி வழியாகக் கப்பலில் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இந்த இடத்தில் வருகிறது. இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் பிடிப்பதை ஒழுங்குபடுத்த 1904-ல் சிலோன் லேபர் கமிஷன் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் தலைமை அலுவலகம் கொழும்பில் இல்லை, கண்டியில் இல்லை, நம் திருச்சியில் இருந்தது! எந்த ஜில்லாவில் மழை பொய்த்தது, எந்தத் தாலுகாவில் எந்தச் சாதிக்காரர் எவ்வளவு பேர், எந்தச் சந்தை எந்தக் கிழமை கூடும் என்றெல்லாம் விவரம் திரட்டிக் கையேடே போட்டார்கள். பஞ்சம் எங்கே என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறதோ இல்லையோ, இவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பயணச் செலவு யாருடையது என்பதுதான் முக்கியம். ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், வழியில் சாப்பாடு, கிளம்பும்போது வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அந்தத் தொழிலாளி பெயரில் கங்காணி கணக்கில் கடனாக ஏறின. அதாவது, தூரம் அவன் தலையில் கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனைக் குறித்த "துண்டு" வேண்டும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். 1921-ல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். போகும் வழியில் அடையாளத்துக்குத் தோட்டத்தின் எண் குத்திய தகர வில்லை ஒன்றையும் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் ரயில்வேயில் பார்சலுக்குச் சீட்டு ஒட்டியவன் நான். அந்தத் தகர வில்லையின் படத்தை முதல்முதலாகப் பார்த்தபோது அது என்ன மாதிரியான ஏற்பாடு என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதே வருஷம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 22 மைல் கடலில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இதுதான் நம்மில் மூத்தவர்கள் வாய் ஓயாமல் பேசும் போட் மெயில். எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை போகலாம். சென்னையில் இரவு ஏறியவர் மூன்றாம் நாள் காலை கொழும்பில் இருப்பார். வழியில் ஏறும் திருச்சிக்காரருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதும். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயரை என் தகப்பனார் ஏதோ ஒன்றுவிட்ட மாமன் மச்சான் பெயர் மாதிரிச் சொல்லுவார்.

ஆனால் அந்த ஒரு பகல், ஓர் இரவு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களும் வைத்தியரிடம் முகத்தைக் காட்டிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்க வேண்டும். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. அம்மை குத்தி, துணிமணிகளை ஆவியில் வேகவைத்து, ஏறக்குறைய ஒரு வாரம் நிறுத்தி வைத்துத்தான் அனுப்புவார்கள். ஒரே தண்டவாளம், ஒரே கப்பல். ஒருவருக்கு ஒரு நாள், இன்னொருவருக்கு எட்டு நாள்.

ஆகாய வழியும் பழசுதான். 1938 பிப்ரவரியில் டாட்டாவின் தபால் விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு ரத்மலானைக்குப் போயிற்று. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு விட்டது. ஏர் சிலோனுடையவை டகோட்டா விமானங்கள். மணிக்கு 270, 280 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேராகப் பறந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பிற்பாடு திருச்சியும் ஏர் சிலோன் வரும் ஊர்களில் ஒன்றாகியது.

விமானம் தூரத்தைச் சுருக்கிய அதே வருஷங்களில் சட்டம் அதை நீட்டிக்கொண்டே போனதுதான் விசித்திரம். 1939-ல் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர் இலங்கைக்குப் போவதையே தடை செய்தது. 1948-ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலைநாட்டுத் தமிழர்களில் சுமார் ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லை என்று ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து 1974-ல் இந்திராவும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் களத்து நெல்லைப் பிரிப்பதுபோல.

ஒப்பந்தம் கையெழுத்தாகி 53-ஆம் நாள், 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஒரு உயிர்கூட மிஞ்சாமல் போயிற்று. ஐந்து லட்சம் பேர் வந்து இறங்க வேண்டிய துறையே இல்லாமல் போனது. பிறகு கப்பலை இராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். ராமானுஜம் என்ற கப்பலை நினைவு வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கிறவர்களில் கட்டாயம் இருப்பீர்கள்.

இப்போது பின் தெரு அக்காவுக்கு வருகிறேன்.

பாஸ்போர்ட், பென்ஷன், ரேஷன் எந்தப் படிவமானாலும் எங்கள் பேட்டையில் என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படித்தான் அவர் வந்தார். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் முசிறிப் பக்கத்திலிருந்து போனவராம். 1973-ல் புருஷன், இரண்டு பிள்ளைகளோடு இந்தியா வந்தார். அப்போது வயது 25. புருஷன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். தங்கையைக் கட்டிய வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்காள் ஒரு நாடு, தங்கை ஒரு நாடு. இரண்டு பேரும் எந்தக் காகிதத்திலும் சுயமாக எதையும் எழுதவில்லை.

"கோச்சி கிளம்புறப்ப என் கையை விடவே மாட்டேன்னுட்டா தம்பி. கூடவே ஓடி வந்தா. பிளாட்பாரம் முடிஞ்சிருச்சு" என்றார். மலைநாட்டில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அந்த ரயில்களுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்திருந்தது. ஊர் முழுக்க ஸ்டேஷனுக்கு வந்து, சாவு வீட்டில் அழுவதைப் போல அழுது வழியனுப்பும்.

ஹட்டனில் ஏறியவர்கள் நான்காம் நாள் மண்டபம் முகாமில் இருந்தார்கள். போகும்போது பாட்டனாரைத் தடுத்து வைத்த அதே மண்டபம். இந்தத் தடவை இந்திய அரசாங்கத்தின் முகாம். அங்கே சில வாரம், பிறகு நம் கொட்டப்பட்டு முகாம். கொட்டப்பட்டு எங்கே இருக்கிறது? விமான நிலையத்துக்கு அருகில். "ராத்திரியிலே பிளேன் சத்தம் கேட்டா சின்னவன் பயந்து எழுந்திருவான். சிலோனுக்குப் போற பிளேன்டா, சித்தி ஊருக்குப் போகுதுன்னு சொல்லித் தட்டிக் குடுப்பேன்" என்றார்.

அவர் வந்த அதே வருஷத்தில்தான் எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் தகரப் பெட்டியும் பிரம்புக் கூடையுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்களே, அவர்களை நான் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். நீலகிரிக்கு அரசுத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், வியாபாரக் கடன் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள், எந்த ஊர் சொந்த ஊர் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். "சிலோன் அகதி" என்போம். தாய்நாடு திரும்பியவர்கள் என்றுதான் அரசாங்கம் பெயர் வைத்திருந்தது. நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காள் தங்கைக்குள் கடிதம் இருந்தது. 1977-ல் தோட்டங்களில் கலவரம், 1983-ல் பெரிய கலவரம். 1984-ல் இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. போரில் தலைமன்னார் ரயில் பாதையும் போயிற்று. அதன் பிறகு பல வருஷங்களுக்குப் பரம ஏழைக்கும் விமானம் ஒன்றுதான் வழி என்று ஆயிற்று. 22 மைல் கடலைத் தாண்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் விமானக் கட்டணத்துக்கு எங்கே போவார்கள்? தலைமன்னாருக்கு ரயில் 2015-ல் திரும்பி வந்துவிட்டது. கப்பல் வரவில்லை. 2003-ல் இலங்கை ஒரு சட்டம் போட்டு, 1964-லிருந்து அங்கேயே இருந்துவரும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தும் கப்பல் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களுக்கும் அதில் வழி பிறந்தது. சொன்ன சொல்லைக் கேட்டுக் கிளம்பி வந்தவர்கள்தான் வெளியே நின்றார்கள்.

அக்காவின் பேரன் இப்போது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். போன வருஷம் பாட்டிக்கு டிக்கெட் எடுத்தான். பாஸ்போர்ட் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஹட்டன் என்று எழுதினேன். பழைய காகிதங்கள் கேட்டு இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை வீட்டுக்கு வந்தார். "எவ்வளவு நேரம் தம்பி ஆகும்?" என்று கேட்டார். பழைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, திருச்சிக்கும் கொழும்புக்கும் குறுக்கே அடிக்கோலை வைத்துக் காட்டினேன். கோடு ஏறக்குறைய மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் மேலாகவே போகிறது. "ஒரு மணி நேரம் அக்கா. அதுக்கப்புறம் ஹட்டனுக்குக் காரில் நாலு மணி நேரத்துக்கு மேலே ஆகும்" என்றேன். அவர் கோட்டின்மேல் விரலை வைத்து மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். "ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கிக்கறேன்" என்றார்.

மறுநாள் மாடிக்குப் போய் நின்றேன். வற்றல் எதுவும் காயவில்லை. மயில் வால் ஏறி, திரும்பி, சிறுத்து மறைந்தது.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கொண்டுவந்து கொடுத்தார். கீழே மண்டபம் தெரிந்ததா என்று கேட்டேன்.

"எல்லாம் மேகம் தம்பி. ஜூஸ் குடுத்தாங்க. பாதிகூடக் குடிக்கலே, இறங்கப் போறோம், கப்பைக் குடுங்கன்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

தங்கை சுகமாக இருக்கிறாராம். காது கேட்கவில்லை. இரண்டு பேரும் பேசியதைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகமாம். பிறந்த லயம் அப்படியே இருக்கிறதாம், தகரக் கூரை மட்டும் மாற்றியிருக்கிறார்களாம்.

அங்கே விமான நிலையத்தில் ஒரு இளம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்ரீலங்காவுக்கு முதல் தடவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். பேரன் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் அக்கா சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டார். அவன் நிமிர்ந்து பார்த்தானாம். பிறந்த இடம் என்ற கட்டத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தானாம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, முப்பது நாள்னு முத்திரை குத்திக் குடுத்தான்."